பற்றுக்கழியும் தபசு மரமும்: ஆடற் பயிற்சியின் வரலாற்றில் மலையகக் கூத்தின் இடம்

ஆடற்கலையின் வரலாறு பெரும்பாலும் அரங்கின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. எந்த ஆண்டில் எந்த ஆட்டம் எவர் முன்னிலையில் அரங்கேறியது என்பதை நூல்கள் விரிவாகக் கூறுகின்றன. அவ்வரங்கில் நிற்பதற்கு அந்தக் கால்கள் எங்கே, எவ்வாறு, எதைப் பற்றிக்கொண்டு பழகின என்பது பற்றி அவை அதிகம் பேசுவதில்லை. ஆயினும் ஒரு சமுதாயம் தன் கலைஞனுக்கு எத்தகைய ஆதாரத்தை அளித்தது, எப்போது அதனை விலக்கிக் கொண்டது என்பது அக்கலையின் தன்மையை மட்டுமன்றி அச்சமுதாயத்தின் தன்மையையும் காட்டுவதாகும். ஐரோப்பிய பலே நடனத்தின் நுனிக்கால் ஆட்டத்தையும், நுவரெலியா, அட்டன் முதலிய பகுதிகளின் தேயிலைத் தோட்டங்களில் ஆடப்பட்டு வரும் கூத்துக்களையும் இந்நோக்கில் ஒருங்கே வைத்து ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். இவ்விரண்டிற்கும் யாது தொடர்பு என்ற ஐயம் எழுதல் இயல்பே. தொடர்பு ஆட்ட முறையில் இல்லை. நிற்றல் என்ற அடிப்படைச் சிக்கலிலேயே உள்ளது.

பலே பயிலும் கூடங்களில் சுவரோரமாக இடுப்பளவு உயரத்தில் கிடையாக ஒரு கழி பொருத்தப்பட்டிருக்கும். பிரெஞ்சு மொழியில் 'பார்' எனப்படும் இதனை நாம் பற்றுக்கழி எனலாம். மாணவி முதலில் கழியை நோக்கி நின்று இரு கைகளாலும் அதனைப் பற்றுவாள். பின்னர் பக்கவாட்டில் நின்று ஒரு கையை மட்டும் அதன்மீது வைப்பாள். இறுதியில் கூடத்தின் நடுவே வந்து, பற்றுதற்கு எதுவுமின்றி அதே பயிற்சிகளைச் செய்வாள். நுனிக்கால் ஆட்டத்தில் இம்மூன்றாம் படியே மிகக் கடினமானது. அதற்கான காரணம் எளிய பௌதிகத்தில் அடங்கியுள்ளது. உடலின் புவியீர்ப்பு மையத்திலிருந்து கீழ்நோக்கி இறங்கும் கோடு பாதம் ஊன்றிய பரப்பிற்குள் விழும்வரையே உடல் சாயாது நிற்கும். பாதம் முழுவதையும் ஊன்றி நிற்கும்போது அப்பரப்பு அகன்றது. ஒற்றைக் காலின் விரல் நுனியில் நிற்கும்போது அது ஒரு பெரிய நாணயத்தின் அளவிற்குச் சுருங்கிவிடுகின்றது. அந்நிலையில் கணுக்கால், கெண்டைக்கால், இடுப்பு, முதுகு ஆகிய பகுதிகளின் தசைகள் கணந்தோறும் நுண்ணிய திருத்தங்களைச் செய்துகொண்டே இருத்தல் வேண்டும். காண்போருக்கு அசைவின்மையாகத் தோன்றுவது உண்மையில் இடைவிடாத அசைவேயாகும்.

பற்றுக்கழி இத்திருத்தங்களிற் பலவற்றைக் கை வழியாகத் தான் ஏற்றுக்கொள்கின்றது. அதுவே அதன் பயன். அதுவே அதன் ஆபத்தும் ஆகும். கழியை இறுகப் பற்றிப் பழகியவளின் உடல் அவளறியாமலே கழியின் பக்கம் சாய்ந்திருக்கும். கழியை விட்டகன்றதும் அச்சாய்வு வெளிப்பட்டு அவளை வீழ்த்திவிடும். எனவேதான் கையைக் கழியின்மீது மெல்ல வைக்கவேண்டுமேயன்றி அதில் தொங்கலாகாது என்று ஆசிரியர்கள் வற்புறுத்துவர். ஆதாரம் என்பது பிற்பாடு விடுவதற்காகவே பற்றப்படுவது. கழியே தராமல் நடுக்கூடத்தில் நிறுத்தப்பட்டவள் காலை முறித்துக்கொள்வாள். கழியை விடவே அனுமதிக்கப்படாதவளோ ஆடவே மாட்டாள். இவ்விரு தீமைகளும் நாம் பின்னர் நோக்கவிருக்கும் வரலாற்றிலும் இடம்பெறுவன.

நுனிக்கால் ஆட்டம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் உருப்பெற்றதாகும். 1804ஆம் ஆண்டு பிறந்த மரீ தாலியோனி, தம் தந்தையாரிடம் வியன்னா நகரில் பல மாதங்கள், நாள்தோறும் ஏறத்தாழ ஆறு மணி நேரம் கடும் பயிற்சி பெற்று, 1822இல் அங்கு அரங்கேறினார். 1832ஆம் ஆண்டு மார்ச்சு 12ஆந் திகதி பரிஸ் நகரின் ஒப்பெரா அரங்கில் அவர் ஆடிய 'லா சில்ஃபீது' என்னும் ஆட்டமே நுனிக்கால் நிலையை வெறும் வித்தையிலிருந்து கலைமொழியாக உயர்த்தியதென்பர். அவர் அணிந்த பாதணி இன்றுள்ளது போல முனை கெட்டிப்படுத்தப்பட்டதன்று. மென்பட்டுத் துணியின் நுனியில் நூலால் தைத்துத் திண்மை சேர்த்தது மட்டுமே. அவரைத் தாங்கியது பாதணியன்று, பயிற்சியே. நூற்றாண்டின் இறுதியில் இத்தாலிய ஆடலரசிகள் முனை தடித்த பாதணிகளுடன் வந்தனர். 1895இல் சென் பீற்றர்ஸ்பேர்க் நகரில் 'அன்ன ஏரி' ஆட்டத்தில் பியரீனா லெஞ்ஞானி ஒற்றைக் காலில் நின்று தொடர்ச்சியாக முப்பத்திரண்டு முறை சுழன்றமை வரலாற்றில் பதிவாகியுள்ளது.

தாலியோனி பரிஸ் மாநகரில் தரையைத் தொடாதவர் போல் ஆடிய அதே காலத்தில், தரையை விட்டு ஒரு கணமும் அகல இயலாத வேறு பாதங்கள் தென்னிந்தியாவிலிருந்து இலங்கை மலைகளை நோக்கி நடந்துகொண்டிருந்தன. 1820களில் கண்டிப் பிரதேசத்தில் கோப்பித் தோட்டங்கள் தொடங்கப்பட்டன. திருச்சிராப்பள்ளி, சேலம், தஞ்சாவூர், மதுரை முதலிய மாவட்டங்களிலிருந்து கங்காணிமார் திரட்டிய மக்கள் கடல் கடந்து மன்னார்க் கரையில் இறங்கி, வடபகுதிக் காடுகளினூடே மாத்தளை வரை கால்நடையாகவே வந்தனர். நோயாலும் பசியாலும் வழியில் மாண்டோர் பலர். 1867இல் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். 1869இல் தோன்றிய இலைநோய் அடுத்த இரு தசாப்தங்களில் கோப்பியை அழித்துவிட, தேயிலை மலைகளெங்கும் பரவியது. 1884இல் அட்டனுக்கும் 1885இல் நானுஓயாவுக்கும் புகையிரதம் எட்டியது. துரைமாரின் பங்களாக்களுக்கு ஐரோப்பாவின் இசையும் நடனமும் ஏறி வந்தன. லயன் அறைகளுக்கோ, மக்கள் தம் ஊர்களிலிருந்து நினைவில் சுமந்து வந்த பாட்டும் தப்பும் கூத்துமே துணையாயின.

இவ்விரு உலகங்களும் ஒருமுறை நேருக்கு நேர் சந்தித்தமை குறிப்பிடத்தக்கது. 1838ஆம் ஆண்டு, கடலூரை அடுத்த திருவந்திபுரத்தைச் சேர்ந்த தேவதாசியர் சிலர் தம் இசைக் கலைஞருடன் பிரான்சுக்கு அழைத்துச் செல்லப்பட்டு, பரிஸிலும் பின்னர் இலண்டனிலும் ஆடினர். அவர்களுள் முதன்மை பெற்றவர் அம்மணி என்னும் ஆடல்மகள். தாலியோனியோ அதற்கு எட்டாண்டுகள் முன்னரே, 1830இல், இந்தியத் தேவதாசி ஒருத்தியின் வேடம் புனைந்து ஒப்பெரா அரங்கில் ஆடியிருந்தார். கற்பனைத் தாசியைக் கண்டு பழகிய பரிஸ் இப்போது உண்மைத் தாசியரைக் கண்டது. தாலியோனியைச் சிறு சிலையாக வடித்த சிற்பியான ழான் ஒகுஸ்த் பார் என்பவரே அம்மணியையும் வெண்கலத்தில் வடித்தார். அம்மணியின் ஆட்டத்தை வியந்து எழுதிய தியோஃபில் கோத்தியே, 1841இல் அரங்கேறிய 'ஜிசேல்' என்னும் புகழ்பெற்ற பலே நாடகத்தின் கதையமைப்பில் பங்குகொண்டவராவார். 1877இல் உருசியாவில் மாரியுஸ் பெத்திப்பா 'லா பயதேர்' என்னும் ஆட்டத்தை அமைத்தபோது, தேவதாசி நுனிக்காலில் நிற்கும் ஐரோப்பிய மங்கையாகவே மீண்டும் மாறிவிட்டாள். உண்மைப் பாதங்கள் ஒருமுறை வந்து போயின. அரங்கில் நிலைத்ததோ கற்பனைப் பாதங்களே.

தமிழ் ஆடல் மரபிலும் முன்பாதத்தில் நிற்கும் நிலை இல்லாமலில்லை. பரதரின் நூல் கூறும் ஐவகைப் பாத பேதங்களுள் முன்பாதம் ஊன்றும் நிலையும் ஒன்று. பரதநாட்டியத்தின் குதித்துமெட்டு அடவில் ஆடுவோர் முன்பாதத்தில் குதித்தெழுந்து உடனே குதிகாலைத் தரையில் தட்டுவர். ஆயினும் நோக்கில் பெரும் வேறுபாடு உண்டு. பலே மண்ணிலிருந்து விடுபட விழைகின்றது. நமது ஆட்டம் எழுவதே மீண்டும் மண்ணைத் தட்டுவதற்காக. அரைமண்டியில் அமர்ந்த உடல் தன் மையத்தைத் தாழ்த்தித் தரையோடு உறவு கொள்கின்றது. நம் மரபில் கோலின் பொருளும் வேறு. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில் ஏழாண்டுப் பயிற்சி பெற்றுப் பன்னீராண்டு நிரம்பிய மாதவி அரங்கேறும்போது, தலைக்கோல் அரங்கிற்குக் கொணரப்படுகின்றது. அது வணக்கத்திற்குரியதேயன்றிச் சாய்வதற்குரியதன்று. நட்டுவனாரின் கையிலுள்ள தட்டுக்கழியோ தாளத்திற்கானது. அது உடலைத் தாங்குவதில்லை, காலத்தைத் தாங்குகின்றது.

காலத்தைத் தாங்கும் ஆதாரம் என்ற இக்கருத்தே மலையகக் கூத்துக்களை விளங்கிக்கொள்வதற்குத் திறவுகோலாகும். காமன் கூத்து, அருச்சுனன் தபசு, பொன்னர் சங்கர் ஆகிய மூன்றும் மலையகத்தின் முதன்மைக் கூத்துக்களாகக் கொள்ளப்படுகின்றன. இவற்றுள் காமன் கூத்து தோட்டம் முழுவதையும் தன் அரங்காகக் கொண்டது. மாசி மாதத்தில் மூன்றாம் பிறையை ஒட்டிக் கம்பம் ஊன்றப்படுவதோடு தொடங்கி, முழுமதி நாளில் காமதகனத்தோடு உச்சம் பெறுவது. சிவனின் தவத்தைக் கலைக்கச் செல்லும் மன்மதன், தீக்கனாக் கண்டு தடுக்கும் இரதி, நெற்றிக்கண்ணால் எரிப்பு, இரதியின் புலம்பல், மன்மதன் மீண்டெழுதல் என்பன இதன் கதை. இரதியும் மன்மதனும் சலங்கையொலிக்க லயன் தோறும் ஆடிச் செல்வர். பெண் பாத்திரங்களையும் ஆடவரே புனைந்து ஆடுவது மரபு.

இக்கூத்துக்களுக்கெனப் பயிற்சிக் கூடம் ஏதும் இருக்கவில்லை. சுவரில் கண்ணாடி இல்லை, கழியும் இல்லை. காலையில் பிரட்டுக்களத்தில் பெயர் கொடுத்து, பகலெல்லாம் மலைச்சரிவில் நின்ற கால்களே இரவில் லயத்து வாசலிலும் கோயில் முன்றலிலும் அடவு பழகின. சரிவில் நிற்றலும் ஒருவகைப் பயிற்சியே. ஒரு கால் மேலேயும் மறுகால் கீழேயுமாக, முதுகில் கூடையின் பாரம் கணந்தோறும் கூட, மழையில் வழுக்கும் மண்ணில் வெறுங்காலை ஊன்றி இரு கைகளாலும் கொழுந்து பறிக்கும் பெண், பற்றுவதற்கு எதுவுமின்றி நிறையைக் காத்து நிற்பதில் எவருக்கும் பின்னிற்பவளல்லள். அவள் கையிலிருக்கும் மட்டக்கம்பும் செடியின் மட்டம் பார்ப்பதற்கே, சாய்வதற்கன்று. எனினும் அவளுடைய அத்திறன் கூலிக் கணக்கில் இறாத்தல்களாகவும் கிலோக்களாகவும் எழுதப்பட்டதேயன்றிக் கலைக் கணக்கில் எழுதப்படவில்லை. கூத்திலும் அவள் நெடுங்காலம் பார்வையாளராகவே இருந்தாள். இவ்வுண்மையை மறைத்து மலையகக் கூத்தைப் புகழ்வது முறையாகாது.

அருச்சுனன் தபசில் உடலின் நிறைகாத்தல் கதையின் மையத்திற்கே வந்துவிடுகின்றது. பாசுபதம் வேண்டிக் கைலை நோக்கிச் செல்லும் அருச்சுனன், உயர்ந்த தபசு மரத்தின் படிகளில் ஒவ்வொன்றாகப் பாட்டுப் பாடிக்கொண்டே ஏறுகின்றான். பாட்டு ஒரு படி. பாதம் ஒரு படி. உச்சியை அடைந்தபின் அங்கிருந்து தவநிலை காட்டுதல் வேண்டும். மாமல்லபுரத்துப் பாறைச் சிற்பத்தில் கைகளை உயர்த்தி ஒற்றைக் காலில் நிற்கும் தவசியை அருச்சுனன் என்பாரும் பகீரதன் என்பாரும் உளர். எவராயினும், ஒற்றைக் காலில் நிற்றல் தவம் என்ற கருத்து நம் மக்களிடம் ஆழ வேரூன்றியது. தாலியோனியின் நுனிக்கால் பாரமின்மையைக் காட்டுவது. அருச்சுனனின் கால் பாரத்தைச் சுமந்து நிற்பது. முன்னதைக் கண்டோர் அவள் மனிதப் பிறவிதானோ என வியந்தனர். பின்னதைக் காண்போர், மரத்தின்மேல் நிற்பவன் தம் பக்கத்து லயத்து மனிதனே என்பதை ஒருபோதும் மறப்பதில்லை.

அவ்வாறாயின் கூத்தாடியைத் தாங்கிய ஆதாரம் யாது? கழி இல்லை என்பதனால் ஆதாரமே இல்லை என முடிவு செய்தல் தவறாகும். தப்பின் ஒலி அவன் அடியைத் தாங்கியது. பின்பாட்டுப் பாடுவோர் அவன் மூச்சைத் தாங்கினர். ஆடுபவன் களைத்து அடியை மறந்தால் அவர்கள் அதனைத் திருப்பிப் பாடி அவனை மீட்டனர். கூத்தின் பாடம் முழுவதையும் நெஞ்சில் வைத்திருந்த மூத்த வாத்தியார் அவன் நினைவைத் தாங்கினார். விடிய விடிய விழித்திருந்த தோட்டத்து மக்கள் அவன் மனத்தைத் தாங்கினர். ஐரோப்பியக் கூடத்தில் மரத்தால் ஆன பற்றுக்கழி, மலையகத்தில் மனிதரால் ஆனதாயிருந்தது.

மனிதரால் ஆன ஆதாரத்தைச் சட்டத்தால் பிரித்துவிட முடியும். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளித் தோட்ட மக்களின் மிகப் பெரும்பான்மையினரை நாடற்றோராக்கியது. அடுத்த ஆண்டில் வாக்குரிமையும் பறிபோயிற்று. 1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆந் திகதி கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், நாடற்ற 975,000 பேரில் 525,000 பேரை இந்தியாவிற்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேர் 1974இல் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். அரசுகள் எண்களைப் பிரித்தன. தோட்டங்களில் பிரிந்தவை குடும்பங்கள். குடும்பங்களோடு கூத்துக் குழுக்களும் பிரிந்தன என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. இரதி ஒரு கரையிலும் மன்மதன் மறு கரையிலுமாகப் பிரிந்த பின், எஞ்சியவன் எத்துணைத் திறமையாளனாயினும் கூத்தை எவ்வாறு நிகழ்த்துவான்? தப்படித்தவர் சென்றால் அடி தடுமாறும். பாடமறிந்த வாத்தியார் சென்றால் ஏடே சென்றதாகும். நாடற்ற நிலை 1988ஆம் ஆண்டினதும் 2003ஆம் ஆண்டினதும் சட்டங்களால் பெரும்பாலும் தீர்க்கப்பட்டது. கலைந்த குழுக்களை எச்சட்டமும் மீளச் சேர்க்கவில்லை.

கூத்துக்குக் கல்வியுலகம் ஆதாரமளித்த ஒரு முன்மாதிரி நமக்கு அண்மையிலேயே உண்டு. பேராசிரியர் சு. வித்தியானந்தன் அவர்கள் 1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மட்டக்களப்பு மரபுக் கூத்துக்களைச் செம்மைப்படுத்தி மாணவரைக் கொண்டு மேடையேற்றினார். 1962இல் 'கர்ணன் போர்', 1963இல் 'நொண்டி நாடகம்', பின்னர் 'இராவணேசன்' என அவை தொடர்ந்தன. ஒற்றைக் காலை இழந்தவன் தண்டூன்றி ஆடி, இறையருளால் கால் பெற்று நிமிர்வதே நொண்டி நாடக மரபின் கதை என்பது நம் பொருளுக்கு மிக இயைவது. கிராமத்துக் களரியில் தளர்ந்திருந்த கலைக்குப் பல்கலைக்கழகம் ஊன்றுகோலாயிற்று. அக்கலை பின்னர் தன் காலிலேயே நடந்து ஈழத்து நவீன நாடகத்திற்கு வழிகாட்டியது. தேயிலை மலைகள் பேராதனைக்கு மிக அண்மையில் உள்ளன. ஆயினும் மலையகக் கூத்திற்கு அதே அளவான ஊன்றுகோல் அன்று கிட்டவில்லை. சி. வி. வேலுப்பிள்ளை போன்றோர் தோட்டப் பாடல்களைத் தேடித் தொகுத்தமையும், மலையக எழுத்தாளர்கள் கூத்தைப் பற்றிப் பிற்காலத்தில் எழுதியமையும் தனிமனித முயற்சிகளாகவே பெரிதும் அமைந்தன.

ஆதாரம் கைமாறும்போது நேரும் அநீதிக்கும் வரலாற்றில் சான்று உண்டு. உருசிய ஆடலரசி அன்னா பவ்லோவாவின் குழுவினரான கிளியோ நோர்டியிடம் பலே பயின்றவர் உருக்மிணி தேவி. தாய்நாட்டுக் கலையை நாடுமாறு பவ்லோவா கூறிய அறிவுரை அவரைச் சதிராட்டத்தின்பால் திருப்பியதென்பர். பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் கற்று 1935இல் அவர் அடையாற்றில் ஆடினார். 1936இல் கலாக்ஷேத்திரத்தை நிறுவினார். ஆட்டம் காப்பாற்றப்பட்டது, உலகப் புகழும் பெற்றது. ஆனால் அம்மணியின் மரபில் வந்த பெண்களோ படிப்படியாக மேடையை இழந்தனர். கலையைக் காத்துக் கலைஞரைக் கைவிடுதல் ஆதாரமளித்தலாகாது. மலையகக் கூத்தும் நகர மேடையில் அரைமணி நேரக் காட்சியாக ஒளிவிளக்குகளின் கீழ் ஆடப்பட்டு, தோட்டத்துக் கூத்தாடி சபையிலும் இடம்பெறாது போவானாயின், அதே வரலாறு மீண்டும் நிகழ்ந்ததாகவே கொள்ளவேண்டும்.

இங்கு மற்றொரு கருத்தையும் மறுத்தல் இன்றியமையாதது. 'எவருடைய உதவியுமின்றி இருநூறு ஆண்டுகள் தம் கலையைக் காத்த மக்கள்' என்று மலையக மக்களைப் புகழ்வது இன்று மேடைகளில் வழக்கமாகிவிட்டது. இப்புகழ்ச்சியில் உண்மை உண்டு. ஒரு தப்பித்தலும் உண்டு. பற்றுவதற்கு எதுவும் இன்றி நின்றான் என்று ஒருவனை வியக்கும்போது, அவனுக்குப் பற்றுக்கழியை மறுத்தவர் யார் என்ற வினா மறைந்துபோகின்றது. தாலியோனியும் லெஞ்ஞானியும் அரங்கின் நடுவே துணையின்றி நின்றது, அதற்கு முன் ஆயிரக்கணக்கான மணி நேரம் துணையோடு பயில அவர்களுக்கு வாய்ப்பளிக்கப்பட்டதனாலேயே. துணையின்மை கலையின் முடிந்த நிலையாக இருக்கலாம். அதனைத் தொடக்க நிலையாக ஒரு மக்கள் கூட்டத்தின்மீது சுமத்துதல் கொடுமையாகும்.

2023ஆம் ஆண்டு, மலையக மக்கள் இலங்கைக்கு வந்து இருநூறு ஆண்டுகள் நிறைவெய்தியதை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஒரு நடைபயணம் மேற்கொள்ளப்பட்டது. மூதாதையர் நடந்த வழியை வழித்தோன்றல்கள் தம் பாதங்களால் மீண்டும் எழுதினர். அந்நடையை நினைவுச் சடங்காக மட்டும் கொள்ளாது கடமையின் தொடக்கமாகக் கொள்ளுதல் தகும். தோட்டந்தோறும் எஞ்சியுள்ள மூத்த கூத்து வாத்தியார்களின் பாடங்களை ஒலியாகவும் எழுத்தாகவும் பதிவு செய்தல், அவர்களை ஆசிரியராக ஏற்று ஊதியத்தோடு மாணவருக்குக் கற்பிக்கச் செய்தல், தோட்டப் பாடசாலைகளில் கூத்துப் பயிற்சிக்கு நேரமும் இடமும் ஒதுக்குதல், இதுகாறும் வெளியில் நிறுத்தப்பட்ட பெண்களை ஆட்டக் களத்துக்குள் அழைத்தல் ஆகியன பல்கலைக்கழகத் தமிழ் மாணவரால் இயலாதனவல்ல. இவையே நாம் மலையகக் கூத்திற்குப் பொருத்தக்கூடிய பற்றுக்கழிகள். கழியைப் பொருத்துவோர் அதன்மேல் தம் பெயரைப் பொறிக்க வேண்டியதில்லை. பயில்வோர் அதைப் பற்றி வலுப்பெற்று, ஒருநாள் அதனை விட்டு நடுக்களத்திற்குச் செல்லுதலே அதற்குப் பெருமையாகும்.